நானாய் வைத்த பெயர்

எனக்குப் பத்து வயதானபோது, மார்கழி விடுமுறைக்குக் குடும்பமாக விமானம் ஏறப்போகிறோம் என்று அப்பா சொன்னார். நான் கோல்ட் கோஸ்ட் என்றுதான் நினைத்தேன். மெல்பேர்னின் மல்கிரேவில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது அங்கே போய், தண்ணீர்ச் சறுக்குகளில் விழுந்தெழும்பி, தோல் உரிந்து திரும்பியிருந்தார்கள். பெரியப்பாவின் மகள் இரண்டு முறை போயிருந்தாள். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுவேன்.

"நீ பிறந்த இடத்துக்குப் போறம்" என்றார் அப்பா.

நான் பிறந்தது பிலிப்பைன்சில், செபுத் தீவின் தெற்குக் கரையில் இருக்கும் ஒரு சிற்றூரில். இது எனக்கு ஒருநாளும் பெருமையாக இருந்ததில்லை. பள்ளிக்கூடப் படிவங்களில் பிறந்த நாடு என்ற இடத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியைகள் என் முகத்தை இன்னொருமுறை பார்ப்பார்கள். பிலிப்பினோப் பிள்ளைகள் ஆசையாக வந்து தங்கள் பாஷையில் ஏதாவது கேட்பார்கள். நான் விழிப்பேன். அவர்கள் போய்விடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கோ நான் "மணிலாக்காரி". மணிலா எங்கே, என் ஊர் எங்கே என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கென்று புறப்பட்டவர்கள். கூட்டிக்கொண்டு போன ஏஜென்ட் செபுவில் இறக்கிவிட்டு, "ரெண்டு கிழமை பொறுங்கோ" என்று சொல்லிக் காணாமல் போனான். அந்த இரண்டு வாரம் இரண்டரை வருடமாக நீண்டது. அம்மா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நகரத்தில் இருக்க வழியில்லாமல் தெற்கே பஸ் ஏறி, கடற்கரையோரம் ஒரு பழைய தேவாலயத்தின் வாசலில் இறங்கியிருக்கிறார்கள். பாதிரியார் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு விதவை, அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தன் வீட்டின் பின்னறையைத் திறந்து விட்டார். பிறகு மெல்பேர்னிலிருந்து பெரியப்பா ஸ்பொன்சர் செய்து எங்களை எடுப்பிக்கும்வரை அந்த அறைதான் எங்கள் வீடு.

அவரை நாங்கள் நானாய் என்போம். அந்த ஊர்ப் பாஷையில் அம்மா என்று அர்த்தம். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை, நானாய்க்கு அதிலும் அரை. ஆனால் சமைக்கிற குசினி அங்கேயும் ஏறக்குறையக் குசினிதான். மேசை, வாங்கு, சப்பாத்து எல்லாம் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் அங்கேயும் விளங்கும். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தவர்கள் இரண்டு கரைகளிலும் விட்டுப்போன சொற்களைப் பொறுக்கி, இரண்டு பெண்களும் பேசப் பழகியிருக்கிறார்கள். அம்மாவுக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல் கிடந்த ஒருநாள் நானாய் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் விட்டு அவித்த அரிசிப் பலகாரம் ஒன்றைக் கொண்டுவந்து "பூத்தோ" என்றாராம். அது காதில் புட்டு என்று விழ, அம்மா அழுதுவிட்டாராம். மெல்பேர்னுக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நானாயுடன் அந்தக் கலவைப் பாஷையில் கதைத்துச் சிரிப்பார். வேறு யாரோடும் அம்மா அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

செபுவில் இறங்கியதும் அப்பா வேறு ஆளாகிவிட்டார். மெல்பேர்னில் அவர் பேசாத மனிதர். களஞ்சியம் ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் என்னையே பேசவிட்டு ஒதுங்கி நிற்பார். இங்கே வாடகை வான் வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்து, சாரதிக்கே வழி சொன்னார். அந்த இரண்டரை வருடமும் அவர் தேவாலயச் சுவர்களைத் திருத்தும் கொத்தனார்களுக்குக் கையாளாக இருந்தவர். ஒவ்வொரு சுவரும் அவருக்குத் தெரிந்த ஆள் மாதிரி.

"இஞ்ச தொட்டுப் பார் பிள்ளை. இது எங்கட முருகைக்கல். கடலுக்கால வெட்டி எடுத்தது. யாழ்ப்பாணக் கோட்டையும் இதே கல்லுத்தான்."

நான் ஒரு விரலால் தொட்டேன். சொரசொரப்பாக இருந்தது.

"சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவை அடிச்சுச் சேர்த்துத்தான் பூசினவை. எத்தனை ஆயிரம் முட்டை எண்டு யோசிச்சுப் பார்."

"மஞ்சள் கருவை என்ன செய்தவை?"

தேவாலயங்களைச் சுற்றிப் பார்த்த மூன்று நாளில் நான் அப்பாவிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அப்பா மகிழ்ந்துபோனார். "அதிலதான் இந்த ஊர்ப் பலகாரம் எல்லாம் வந்தது" என்று தொடங்கி, அடுத்த தேவாலயம் வரும்வரை நிறுத்தவில்லை.

தேவாலயங்கள் வந்துகொண்டே இருந்தன. கூரையில் ஓவியம் தீட்டியது, மணிக்கோபுரம் தனியே நிற்பது, புயலில் முகப்பு விழுந்து மறுபடி கட்டியது. நடுவில் கடற்கொள்ளைக்காரரைப் பார்ப்பதற்காகக் கட்டிய காவல் கோபுரம் ஒன்று, சிப்பி பதித்த ஜன்னல்களோடு ஒரு பணக்காரரின் பழைய வீடு. ஒவ்வொன்றின் முன்னும் அப்பா என்னை நிறுத்திப் படம் எடுத்தார். எல்லாவற்றிலும் நான் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் மட்டும் கட்டடம் மாறுகிறது. அப்பா என்னை அழைத்துப்போய் அவற்றைக் காட்டியது எனக்காக என்று அப்போது நான் நினைக்கவில்லை. என் விடுமுறையைக் கெடுப்பதற்காக என்று நினைத்தேன்.

நானாயைப் பார்க்கப் போவதைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். காலைப் பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. அம்மா விடியவே எழுந்து, மெல்பேர்னில் பொங்கலுக்குக்கூட உடுத்தாத சேலையை உடுத்திக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஹோட்டல் நீச்சல் குளத்தில் இறங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதில் ஒரு சின்னச் சறுக்கு இருந்தது. கோல்ட் கோஸ்ட்டுக்கு ஈடாக எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"வன் அவர் மட்டும். ப்ளீஸ் அப்பா. மூண்டு நாளா நான் சேர்ச்தானே பார்த்தனான்."

அப்பாவுக்கு மனம் இளகிவிட்டது. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் மூன்றானது. பிறகு எனக்குப் பசித்தது. பேர்கர் கடையைக் கண்டு அதுதான் வேண்டும் என்று நின்றேன். நாங்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் மூன்று மணி தாண்டியிருந்தது.

நானாய் தேவாலயத்தின் பக்கவாசல் படியில் இருந்தார். காலைப் பூசைக்கு வந்தவர் அப்படியே இருந்துவிட்டார். தொலைபேசியில் கேட்ட உரத்த குரலுக்கு நான் பெரிய உருவமொன்றை நினைத்து வைத்திருந்தேன். எழுந்து நின்றபோது என் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. கையில் துவாய்த் துணியால் சுற்றிய ஒரு சாப்பாட்டுப் பெட்டி. சூடு ஆறாமல் இருக்கச் சுற்றியது. அது ஆறி எத்தனையோ மணித்தியாலம்.

அவர் என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, கன்னத்தில் மூக்கை வைத்து ஆழமாக மோந்தார். எனக்கு வெட்கமும் அருவருப்புமாக இருந்தது. கன்னத்தைப் புறங்கையால் துடைத்தேன். அவர் அதைக் கண்டார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது கன்னத்துக்கு வரவில்லை.

பெட்டியைத் திறந்து என்னிடம் நீட்டினார். "ஐ ஆம் ஃபுல்" என்றேன். அம்மா அதை வாங்கி, நின்றபடியே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். நானாய் அம்மாவின் சேலைத் தலைப்பை எடுத்து அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டார். பெரியவர்கள் சாப்பிடும்போது அழுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

அப்பாவைப் பழைய கொத்தனார் ஒருவர் கண்டுபிடித்து மணிக்கோபுரத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். நானாய் என்னையும் அம்மாவையும் உள்ளே அழைத்துப்போனார். வாசலுக்குப் பக்கத்தில், ஒரு சிறிய அறை போன்ற இடத்தில், கல்லில் செதுக்கிய பெரிய தொட்டி ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இங்கே. நான் தூக்கினேன். நீ நெருப்பு. இங்கே, லூசியா.

"லூசியா ஆர்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"உனக்கு அப்ப மூண்டு மாசம். நாலு நாளாக் காய்ச்சல் விடேல்ல. டொக்டர் கையை விரிச்சிட்டார். அப்பா அகதிப் பதிவுக்கெண்டு மணிலாவுக்குப் போட்டார், அவருக்குச் சொல்லவும் வழியில்ல. நானாய் கேட்டா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கட்டோ எண்டு. நான் ஓம் எண்டிட்டன். மழைக்குள்ள ரெண்டு பேருமா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தனாங்கள். லூசியா எண்டு அவதான் பேர் வைச்சவ."

"அப்ப நான் கிறிஸ்டியனா?"

"இல்லைப் பிள்ளை. நீ உயிரோட இருக்கிறாய். அவ்வளவுதான்."

பிறகு குனிந்து என் தோள்களைப் பிடித்தார். "அப்பாட்டச் சொல்லாத. ஒருநாளும் சொல்லாத. ஓமோ?"

அப்பா எங்கே போனாலும் சின்னப் பையொன்றில் நல்லூர்க் கோயில் திருநீறு வைத்திருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தத் தீவுவரை அவர் கையில் மிஞ்சி வந்தது அதுதான். அங்கே இருந்த நாளெல்லாம் அதைத் துளித்துளியாகப் பூசி, தீராமல் காப்பாற்றியிருக்கிறார். மெல்பேர்னில், அவர் வாய் திறக்கும் அபூர்வமான சபைகளில், ஒரு கதை மட்டும் சொல்லுவார்: "ரெண்டரை வருசம் சேர்ச் நிழலிலதான் இருந்தம். அவையின்ர சாப்பாடுதான். ஆனா ஒருத்தரும் மாறச் சொல்லேல்ல, நாங்களும் மாறேல்ல." அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவார்.

நான் தலையாட்டினேன். அம்மாவின் குரலைவிட முகம்தான் நானாய்க்கு விளங்கியிருக்க வேண்டும். அது ஒரு இரகசியம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தொட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

புறப்படும்போது அம்மா அவருடைய கைகளை விடவேயில்லை. அடுத்த வருடம் மெல்பேர்னுக்குக் கூப்பிடுவதாக, எல்லாப் பாஷையையும் கலந்து திரும்பத் திரும்பச் சொன்னார். நானாய் ஆகாயத்தைக் காட்டிக் கைகளை விமானம் போல விரித்து, பயம் என்று நடித்துச் சிரித்தார். நான் வான் வண்டிக்குள் இருந்து காதில் பாட்டை மாட்டிக்கொண்டேன்.

இரகசியத்தை மூன்று கிழமை காப்பாற்றினேன்.

தைப்பொங்கலன்று மத்தியானம் பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பின்வளவில் காஸ் அடுப்பில் பொங்கி முடித்து, வெயில் தாங்காமல் வீட்டுக்குள் வந்து, வாழையிலை போலச் செய்த காகிதத் தட்டுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா அந்த விடுமுறையில் மூன்றாம் முறையாகக் கோல்ட் கோஸ்ட் போய் வந்திருந்தாள். தான் ஏறிய ஒவ்வொரு சறுக்கையும் சொல்லி முடித்துவிட்டு என்னைக் கேட்டாள், "நீ என்ன பார்த்தனி? ஓல்ட் சேர்ச்சா? ஜஸ்ட் சேர்ச்சா?"

சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். என்னிடம் அவளுக்கு எதிராக எறிய ஒன்றுமே இல்லை. மூன்று நாளும் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் ஏதாவது இருந்திருக்கும். இருந்தது ஒன்றுதான்.

"எனக்கு அங்க இன்னொரு பேர் இருக்கு" என்றேன். "லூசியா. நான் பேபியா இருக்கேக்க பப்டைஸ் பண்ணினவை. ரியல் சேர்ச்சில. உனக்கு ரெண்டு பேர் இருக்கோ?"

அக்கா வாயடைத்துப் போனாள். வென்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு கணம் இனிப்பாக இருந்தது. பிறகுதான் அறையே வாயடைத்துப் போயிருப்பதைக் கவனித்தேன்.

பெரியப்பா முதலில் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, பகிடி விடாமல் இருக்கத் தெரியாதவர். "அப்ப என்ர தம்பீன்ர பிள்ளை வேதக்காறியோ? எடேய், எங்களுக்கு ஒரு கேக்கும் தரேல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். சிரித்தபடியே அம்மாவைத் தேடினார். அம்மா பாயசக் கிண்ணங்களை அடுக்கிய தட்டோடு குசினி வாசலில் நின்றார். மறுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் வேறு பக்கம் திரும்பி அப்பளத்தை நொறுக்கினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல், அப்பா அம்மாவிடம் ஒரேயொரு வசனம் சொன்னார்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

அம்மா, "ஓம்" என்றார்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. செபுவில் எடுத்த படங்களை ஒட்ட அப்பா ஒரு பெரிய அல்பம் வாங்கியிருந்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் தேவாலயத்தின் பெயரையும் ஊரையும் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். சபைகளில் அந்தக் கதையையும் அவர் மறுபடி சொல்லவில்லை. அதைவிட்டால் அவருக்குச் சொல்லக் கதை இருக்கவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் நானாய்க்குத் தொலைபேசி எடுப்பதை நிறுத்தினார். எடுக்காதே என்று அப்பா சொல்லவில்லை. ஒருமுறை அவரே அட்டை வாங்கிவந்து மேசையில் வைத்ததும் எனக்கு ஞாபகம். அது சுரண்டப்படாமல் கிடந்தது. மெல்பேர்னுக்குக் கூப்பிடும் பேச்சும் அப்படியே நின்றுபோனது. நானாய் இறந்த செய்தி நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது வந்தது. அவருடைய மருமகள் முறையான ஒரு பெண் எங்கள் முகவரியைத் தேடிப்பிடித்து எழுதியிருந்தாள். அடக்கம் செய்து மூன்று மாதமாகியிருந்தது.

இப்போது நான் ஒரு மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். எங்கள் வார்டில் செபுவைச் சேர்ந்த ஒரு தாதி இருக்கிறார். ஒருநாள் தேநீர் வேளையில் பேச்சு வந்து, எனக்கும் அங்கே ஒரு ஞானத்தாய் இருந்தார் என்று சொன்னேன். அவர் உடனே, "அப்படியென்றால் உன் அம்மாவுக்கு அவர் குமாரே" என்றார். பிள்ளைக்கு ஒருத்தி ஞானத்தாய் ஆனால், பிள்ளையைப் பெற்றவளுக்கு அவள் குமாரே. கூட ஒரு தாய். சாகும்வரை உறவு, உடன்பிறந்தவள் போல. சண்டை பிடிக்கலாம், விட்டுப்போக முடியாது. "பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிட அதுதான் எங்களுக்குப் பெரிது" என்றார்.

நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

நானாய் தானாக எங்களுக்குத் தொலைபேசி எடுப்பதில்லை. எப்போதும் அம்மாதான் எடுப்பார். ஒரேயொரு முறைதான் நானாய் எடுத்தார். அந்தப் பொங்கல் முடிந்து இரண்டு மாதமிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அப்பா வேலையில். அம்மா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மணியடிக்க, நான்தான் ரிசீவரைத் தூக்கினேன்.

"மாமா?" என்றது அந்த உரத்த குரல். அம்மா இருக்கிறாரா என்று கேட்கிறார்.

நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "நானாய்" என்று அம்மாவுக்குச் சைகை காட்டினேன். அம்மா ஈரக்கையை நீட்டி ஓரடி வந்தார். பிறகு நின்று, தலையை ஆட்டினார். இல்லை என்று சொல்லு.

"ஷீ இஸ் நொட் ஹோம்" என்றேன். தண்ணீர்க் குழாய் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கும்.

 பிறகு, "நீ சாப்பிட்டாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ்."

"குட். குட்" என்றார். இன்னும் ஏதோ சொல்லப்போவது போலக் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார்.

நன்றாகப் பொய் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. இரகசியத்தைக் கொட்டிவிட்டதற்கு இதனால் கொஞ்சம் ஈடு செய்ததாகக்கூட நினைத்தேன். அம்மா என்னைப் பாராட்டவில்லை.

"என்ன கேட்டவ?"

"சாப்பிட்டியோ எண்டு."

"வேற?"

"வேற ஒண்டுமில்ல."

அம்மா குழாயை மூடினார். கையைத் துடைக்காமலே பின்கதவைத் திறந்துகொண்டு போய், கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போடத் தொடங்கினார். என் பள்ளிக்கூடச் சட்டை, அப்பாவின் வேலைச் சட்டை, படுக்கை விரிப்பு. அவற்றைத் தோய்த்துப் போட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. தண்ணீர் சொட்டி அம்மாவின் முதுகெல்லாம் நனைந்தது. இது என்ன கூத்து என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, அது இன்னும் காயேல்ல!" என்று வாசலில் நின்று கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய்த் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.